கெட்டுப்போக மறுத்த கடைசல் மெஷின்

தன் கடைசல் மெஷினைத் தானே கெடுத்துவிடுவது என்று மாதவராஜ் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது. செவ்வாய்க்கிழமை நல்ல காரியம் தொடங்கக்கூடாது என்பார்கள். இது நல்ல காரியம் இல்லையே, அதனால் தோஷமில்லை என்று தனக்குத் தானே சலுகை கொடுத்துக்கொண்டு வாயைக் கொப்பளித்துத் துப்பினார்.

மெஷின் வைத்திருக்கிறவன் எல்லாம் அது ஓடவேண்டும் என்றுதான் சாமியை வேண்டுவான். ஓடக்கூடாது என்று வேண்டிக்கொண்ட ஆள் பாப்பாரப்பட்டியிலேயே இவர் ஒருத்தர்தான். ஏன் என்று கேட்டால் கதை கொஞ்சம் பின்னாலே போக வேண்டியிருக்கிறது.

மாதவராஜ் முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சும்மா உட்கார்ந்திருந்தால் மனைவி தீர்த்தம்மாள் ஏதாவது வேலை வைத்துவிடுவாளே என்ற பயத்தில், ஓசூரில் கடையை மூடிய ஒரு ஃபர்னிச்சர்காரரிடமிருந்து மரம் கடையும் மெஷின் ஒன்றை வாங்கிவந்தார். மாட்டை விற்றபிறகு காலியாகக் கிடந்த கொட்டகையில் அதை நிறுத்தினார். பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. மோட்டார் சுற்றினால் பெல்ட் சுற்றும், பெல்ட் சுற்றினால் கட்டை சுற்றும், சுற்றுகிற கட்டையில் உளியை வைத்தால் உருண்டு திரண்டு அழகாக வரும்.

வரவேண்டும். மாதவராஜுக்கு வரவில்லை. முதல் கட்டை கூரைத் தகரத்தைப் பெயர்த்துக்கொண்டு போனது. இரண்டாவது, பக்கத்து வீட்டு முனிராஜின் கோழிக்கூண்டில் போய் விழுந்தது. மூன்றாவது எங்கே போனது என்று இன்றுவரைக்கும் தகவல் இல்லை.

அத்தோடு விட்டுத் தொலைத்திருக்கலாம். ஆனால் மானம் என்று ஒன்று இருக்கிறதே! மெஷின் வாங்கிய மனுஷன் ஒரு பூரிக்கட்டை கூடக் கடையவில்லை என்றால் சொந்தபந்தம் கைகொட்டிச் சிரிக்காதா? இந்தக் கவலையோடு ஒருநாள் மாரண்டஹள்ளிக்கு ஒரு துக்கத்துக்குப் போனவர், பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் தெரசா என்கிற அம்மாள் நடத்தும் மரச்சாமான் கடையைப் பார்த்தார். பூரிக்கட்டை, கீரை மத்து, கட்டில் கால் எல்லாம் மழமழவென்று அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றின் கழுத்திலும் மூன்று மெல்லிய வளையம். என்ன நேர்த்தி!

ஒரு பூரிக்கட்டை வாங்கிப் பையில் மறைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் நேராகக் கொட்டகை. மெஷினைச் சும்மா ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பக்கத்திலேயே பாய் விரித்துத் தூங்கி எழுந்தார். சட்டையில் ரெண்டு கை மரத்தூளை அள்ளித் தூவிக்கொண்டு வெளியே வந்தார்.

"தீர்த்தா! இந்தா, உனக்குன்னே கடைஞ்சது."

தீர்த்தம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீங்களா கடைஞ்சீங்க?"

"பின்ன, பக்கத்து வூட்டு முனிராஜா வந்து கடைஞ்சான்?"

"இல்ல, வேலை ரொம்ப சுத்தமா இருக்குது. அதான் கேட்டேன்."

"கலைம்மா, கலை. ரத்தத்துலயே இருக்கணும்."

"இருக்கட்டுங்க," என்றாள் தீர்த்தம்மாள். அன்றைக்கே அதில் நாலு பூரி தேய்த்தும் போட்டாள்.

அப்புறமென்ன, வாராவாரம் 'மரம் வாங்க' என்று மாரண்டஹள்ளி பயணம். ஒன்றரை வருஷத்தில் சொந்தத்தில் யார் வீட்டு அடுப்படிக்குப் போனாலும் மாதவராஜ் கொடுத்த மத்து ஒன்று தொங்கியது. கலைஞன் என்று பேரும் பரவியது. கண்டக்டராக முப்பது வருஷம் கத்திக் கிடைக்காத மரியாதை, ஒரு மத்தில் கிடைத்துவிட்டது.

வினை வந்தது பங்குனியில். தீர்த்தம்மாளின் தம்பி முருகேஷ் ஏரியூரில் புதுவீடு கட்டிக்கொண்டிருந்தான். மாடிக்குக் கான்கிரீட் போட்ட அன்றைக்கு வேலையாட்களுக்குக் கறிச்சோறு. மாதவராஜும் பந்தியில் உட்கார்ந்து, எலும்பைத் தட்டி உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"மாடிப்படிக் கைப்பிடிக்குக் கம்பி போட்டுரலாம்னு இருக்கேன் மாமா," என்றான் முருகேஷ்.

"கம்பியா? வூடு கட்டறியா, ஜெயிலு கட்டறியா? கைதேர்ந்த மாமன் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கறேன். கைப்பிடியைத் தாங்கற அத்தனை மரக்காலையும் நான் கடைஞ்சு தர்றேன் மாப்ள!"

"நாப்பத்திரெண்டு காலு வேணும் மாமா."

"நூத்தி நாப்பத்திரெண்டு கேளேன்!"

நுணலும் தன் வாயால் கெடும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? சொன்ன மறுநிமிஷமே அவருக்கு எலும்பு தொண்டையில் சிக்கியது. மனைவி ஏதாவது சொல்லி இதைத் தடுத்துவிடுவாள் என்று ஆசையோடு திரும்பிப் பார்த்தார். வழக்கமாகத் தடுக்கிறவள்தானே!

"அவரு சொன்னாச் செய்வாருடா தம்பி," என்றாள் தீர்த்தம்மாள். "வைகாசியில நீ குடி போறதுக்குள்ள நாப்பத்திரெண்டும் வந்து சேர்ந்துரும். மரத்தை மட்டும் அனுப்பிவுடு."

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில், சபையில் அவரைத் தூக்கிப் பேசியது அதுதான் முதல் தடவை. மாதவராஜ் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கறி மப்பில் விட்டுவிட்டார்.

மறுநாளே மாரண்டஹள்ளிக்கு ஓடினார். தெரசா கையை விரித்துவிட்டாள்.

"கடைஞ்சு குடுக்கறவங்க கையில இப்ப பெரிய ஆர்டர் இருக்குதுங்கண்ணா. வைகாசி முடிஞ்சாத்தான் வேற வேலை எடுப்பாங்களாம்."

"நாப்பத்திரெண்டே நாப்பத்திரெண்டு காலும்மா..."

"அவங்க ஆர்டரும் காலுதாங்கண்ணா."

எவனோ ஒரு மடப்பய நம்மை முந்திக்கொண்டு ஆர்டர் கொடுத்திருக்கிறானே என்று அந்த முகந்தெரியாதவனைத் திட்டிக்கொண்டே மாதவராஜ் பஸ் ஏறினார். அதற்கப்புறம் பாலக்கோடு, பென்னாகரம், தர்மபுரி என்று பகலெல்லாம் அலைந்தார். நாற்பத்திரண்டு என்றதும் எல்லாப் பட்டறையிலும் ஆடிக்கு மேல் வரச் சொன்னார்கள். இதற்கிடையே முருகேஷ் அனுப்பிய வேங்கைக் கட்டைகள் மினி லாரியில் வந்து கொட்டகையில் இறங்கிவிட்டன. மேலே ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடினாள் தீர்த்தம்மாள். மாதவராஜ் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

ஆக, அந்தச் செவ்வாய்க்கிழமை முடிவு. மெஷின் ரிப்பேராகிவிட்டால் யார் என்ன செய்ய முடியும்? "பார்ட்ஸ் கோயமுத்தூர்லருந்து வரணும் மாப்ள" என்று ரெண்டு வாரம் இழுத்தால் போதும். முருகேஷ் கம்பியைப் போட்டுவிட்டுக் குடிபோய்விடுவான். இவருடைய பேரும் தப்பித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் நாற்பத்திரண்டு காலையும் எதிர்பார்த்துச் சொந்தமெல்லாம் கூடி நிற்க, இவர் வெறுங்கையோடு போய் நிற்க வேண்டும். அதற்குப் பேசாமல் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

மோட்டாரின் தலையில் ஒரு சக்கரம் உண்டு. புல்லி என்பார்கள். அதை இறுக்கிப் பிடிக்கிற ஸ்க்ரூவை ரெண்டு சுற்று தளர்த்திவிட்டார். இனி மோட்டார் சுற்றும், புல்லி சுற்றாது.

"தீர்த்தா, மெஷினு போச்சு!"

"எங்க போச்சு?"

"போச்சுன்னா ரிப்பேரு. மோட்டாரு சுத்துது, கட்டை சுத்த மாட்டேங்குது."

"ஐயையோ! ஏதாச்சும் திருகாணி லூசா இருக்குமோ?"

மாதவராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "திருகாணியா? இது என்ன உன் மூக்குத்தியா? உள்ளுக்குள்ள பெரிய கோளாறு. உனக்குச் சொன்னாப் புரியாது."

"சரிங்க, புரியாது," என்று அவள் கேழ்வரகு புடைக்கப் போய்விட்டாள்.

அவர் டீக்கடைக்குப் போய், மெஷின் செத்துவிட்ட செய்தியை நாலு பேரிடம் துக்கமாகச் சொல்லிவிட்டு வந்தார். கொட்டகைக்குள் நுழைந்து சும்மா சுவிட்சைத் தட்டினார்.

விர்ர்ர்!

மெஷின் ஜம்மென்று ஓடியது. பதறி அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். ஸ்க்ரூவை யாரோ இறுக்கியிருந்தார்கள். இறுக்கியது மட்டுமில்லை, இனிமேல் தளராதபடி அதன் தலையில் சிவப்பு நகப்பாலிஷ் ஒரு சொட்டு வேறு வைத்திருந்தார்கள்.

மடியிலே கனமிருந்தால் வழியிலே பயம். மாதவராஜுக்குக் கண்ணில் பட்டவர்கள் எல்லாம் கள்ளர்களாகத் தெரிந்தார்கள். யார் இந்தத் துரோகி? மெஷின் வேலை தெரிந்தவன் இந்தத் தெருவில் ஒருவன்தான். ஊர்க் கிணற்று மோட்டாரையெல்லாம் பிரித்து மேய்ந்த முனிராஜ். நகப்பாலிஷ்? முனிராஜின் மருமகள் பிரியதர்ஷினி விரலுக்கொரு கலர் பூசுகிறவள். கணக்கு நேராகிவிட்டது! தன் மகள் காவியா சேலம் ஹாஸ்டலுக்குப் போகும்போது ஜன்னலில் விட்டுப்போன சிவப்பு பாட்டில் அவர் கண்ணில் படவே இல்லை.

மறுநாள் புதன். இந்தத் தடவை வேலை கொஞ்சம் ஆழம். மோட்டாருக்கு ஆரம்ப உதை கொடுப்பது கண்டன்சர் என்கிற சின்ன டப்பி. அதைக் கழற்றி ஒளித்துவிட்டு, பழைய கிரைண்டரிலிருந்து செத்துப்போன கண்டன்சர் ஒன்றை எடுத்து மாட்டினார். சுவிட்சைப் போட்டால் மோட்டார் "ம்ம்ம்ம்" என்று முனகியது. சுற்றவில்லை.

"கேட்டியா தீர்த்தா? உயிர் இழுத்துக்கிட்டு கெடக்குது."

"பாவமாத்தாங்க இருக்குது. கட்டையைக் கையில ஒரு சுத்து சுத்திவுட்டா ஓடுமோ?"

"யாரு சொன்னது உனக்கு?"

"நம்மூட்டு ஃபேனுக்கு நான் அப்படித்தானே பண்ணுவேன்."

அவர் முறைத்தார். அவள் ஒரு பாவமும் அறியாதவள் மாதிரி முருங்கைக்கீரை உருவினாள்.

முடிவெட்டிக்கொண்டு வந்து பார்த்தால், பழையபடி விர்ர்ர்! முன்னைவிட நயமாக ஓடியது. உள்ளே புத்தம்புதுக் கண்டன்சர். பழையதைத் துணியில் துடைத்து மெஷின் மேலேயே வைத்திருந்தார்கள். அதன் மேல் ஒரு துண்டுக் காகிதத்தில், "இது செத்தது" என்று எழுதியிருந்தது.

யாரிடம் போய் முறையிடுவது? 'என் மெஷினை எவனோ ரிப்பேர் பண்ணிட்டான், பிடிச்சுக் குடுங்க' என்று போலீஸில் சொல்ல முடியுமா? திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். வலிக்கிறது, கத்த முடியவில்லை.

நேரே வேலியோரம் போய் முனிராஜை மடக்கினார்.

"முனிராஜு, இன்னிக்குக் காலைல பத்து மணிக்கு நீ எங்க இருந்த?"

"ஏன், யாராச்சும் செத்துட்டாங்களா?"

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கற மூஞ்சியா இது? டிக்கெட் எடுக்காதவனைப் பாக்கற மாதிரி பாக்கற."

"என் கொட்டகைப் பக்கம் வந்தியா?"

"நான் எதுக்கு வர்றேன்? உன் மெஷினு சத்தம் இங்கயே காதைக் கிழிக்குது. அதைச் சொல்லணும்னுதான் இருந்தேன். வாராவாரம் புதன்கிழமை மத்தியானம் கண்ணசர முடியல. கோழியும் முட்டை வுட மாட்டேங்குது. நேரங்காலம் பாத்து ஓட்டக் கூடாதா?"

"புதன்கிழமை மத்தியானமா? புதன்கிழமை நான் மாரண்டஹள்ளிக்கில்ல..." மாதவராஜ் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நீ இல்லாதப்ப ஓடுதுன்னா, மெஷினுக்குக் காத்து கருப்பு புடிச்சிருக்கும். பூசாரியக் கூப்புட்டு வேப்பிலை அடி," என்று சொல்லிவிட்டு முனிராஜ் திண்டில் துண்டை உதறிப் போட்டுப் படுத்துவிட்டான்.

மாதவராஜுக்குச் சோறு இறங்கவில்லை. கெடுத்த மெஷின் பிழைத்துக்கொள்கிறது. ஓட்டாத மெஷின் ஓடுகிறது. ஒரு கட்டையும் கடையாத கொட்டகையில் மரத்தூளுக்கு மட்டும் எப்போதும் பஞ்சமில்லையே, அது எங்கிருந்து வருகிறது? இத்தனை நாள் வாரி வாரிச் சட்டையில் போட்டுக்கொண்டாரே தவிர, இதை ஒரு நாளும் யோசித்ததில்லை. யோசிக்க யோசிக்க ஒன்று தெளிவானது. அவர் ஊரில் இல்லாத நேரத்தில் முனிராஜ்தான் திருட்டுத்தனமாக வந்து ஓட்டுகிறான். கையும் களவுமாகப் பிடித்தே தீருவது.

சனிக்கிழமை காலை பெல்ட்டையே கழற்றினார். பெல்ட் இல்லாமல் எந்தக் கொம்பனாலும் மெஷினை ஓட்ட முடியாது. வருகிறவன் பெல்ட்டைத் தேடித் திருதிருவென்று விழிக்கும்போது பாய்ந்து அமுக்கலாம். ஆனால் பெல்ட்டை எங்கே ஒளிப்பது? இந்த வீட்டில் தீர்த்தம்மாள் கண்ணுக்குத் தப்பிய இடம் ஏது? யோசித்துவிட்டு வேட்டிக்குள்ளே இடுப்பில் மாட்டிக்கொண்டார். பெல்ட்டுக்கும் இடுப்புக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. மூச்சு விடுவதுதான் கொஞ்சம் சிரமம்.

"மாரண்டஹள்ளி போய்ட்டு வர்றேன் தீர்த்தா. மெஷினுக்கு பார்ட்ஸ் கெடைக்குதான்னு பாக்கணும்."

"போய்ட்டு வாங்க. ஏனுங்க, இடுப்பு என்ன இன்னிக்கு ஒரு தினுசா இருக்குது?"

"வாயு."

"வாயுவா? வட்டமா இருக்குதுங்களே?"

"சில வாயு அப்படித்தான் இருக்கும். பஸ்ஸுக்கு நேரமாச்சு, வுடு."

"மெதுவாவே வாங்க. ஒண்ணும் அவசரமில்ல," என்று தண்ணி பாட்டிலைக் கையில் கொடுத்தாள். இவ்வளவு அக்கறை எதற்கு என்று அவருக்கு லேசாக உறைத்தது. ஆனால் பஸ் வந்துவிட்டது.

அவள் பார்க்க ஏறினார். அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கி, தக்காளித் தோட்டத்து வரப்பு வழியாகத் திரும்பி நடந்து, கொட்டகையின் பின்பக்கத் தட்டியைத் தூக்கி உள்ளே நுழைந்தார். ஒளிந்துகொள்ள ஒரே இடம் அந்தத் தார்ப்பாய்தான். அதைத் தூக்கி, கட்டைகளுக்கு நடுவே ஊர்ந்து, மேலே இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

உட்கார்ந்த இடத்தில் ஏதோ உருண்டது. கையை வைத்துத் தடவினார். சொரசொரவென்று இருக்கவேண்டிய வேங்கைக் கட்டை வழுவழுவென்று இருந்தது. கீழே தடித்து, நடுவில் சிறுத்து, மேலே குமிழாகி, கழுத்தில் ஒன்று, ரெண்டு, மூன்று வளையம். பக்கத்திலிருந்ததைத் தடவினார். அதிலும் மூன்று. அடுத்ததிலும் மூன்று. இருட்டில் தடவிக்கொண்டே போனார். எல்லாம் கடைந்து முடித்த கால்கள்.

அவருக்குத் தலை சுற்றுவதற்குள் கதவு திறந்தது. தார்ப்பாயில் ஒரு கிழிசல் இருந்தது. கண்ணை வைத்தார்.

வந்தது முனிராஜ் இல்லை. தீர்த்தம்மாள்!

தோளில் துண்டு மாதிரி ஒரு பெல்ட் தொங்கியது. முந்தானையை இழுத்துச் செருகினாள். காவியாவின் கூலிங் கிளாஸை எடுத்துக் கண்ணில் மாட்டினாள். பெல்ட்டை மாட்டி விரலால் அமுக்கிப் பார்த்தாள், மோட்டாரைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி இறுக்கினாள். ஒரு வேங்கைக் கட்டையை ரெண்டு முனைக்கும் நடுவில் நிறுத்தி, கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டு ஆட்டம் இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள். இல்லை. சுவிட்ச். உளியை எடுத்து வைத்தாள் பாருங்கள், அடேயப்பா! வாழைப்பூ மடல் உரிகிற மாதிரி சுருள் சுருளாக மரம் உரிந்து விழுந்தது. அவர் கையில் துள்ளிக் கூரையைப் பிய்த்த அதே மெஷின், அவள் கையில் கன்றுக்குட்டியாக நின்றது.

மாதவராஜ் வந்த வேலையையே மறந்துபோனார். எவ்வளவு அழகு என்றுதான் தோன்றியது. சந்தேகம், கோபம் எல்லாம் போய், வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிளந்த வாய்க்குள் பறந்துவந்த தூள் நுழைந்தது.

"ஹாச்!"

தீர்த்தம்மாள் திடுக்கிடவில்லை. நிதானமாகச் சுவிட்சை அணைத்தாள்.

"வெளிய வாங்க. இடுப்புல இருக்கற பெல்ட்டையும் கழட்டிக் குடுங்க. இது முனிராஜு அண்ணன்கிட்ட வாங்குன இரவல் பெல்ட்டு. திருப்பிக் குடுக்கணும்."

மாதவராஜ் தார்ப்பாயிலிருந்து மரத்தூள் அபிஷேகத்தோடு எழுந்தார். "அவனும் உடந்தையா?"

"அவருக்கு ஒண்ணும் தெரியாது. மாவு மில்லு வச்சிருக்கறவங்களுக்குன்னு சொன்னேன்."

"என் மெஷினை, எனக்கே தெரியாம..."

"நீங்கதான் அதைத் தொடறதே இல்லையே. சும்மா துருப்புடிச்சுப் போவுதேன்னு நான் தொட்டேன்."

"உனக்கு எங்க இருந்து வந்துச்சு இந்த வேலையெல்லாம்?"

"கல்யாணத்துக்கு முன்னால மூணு வருஷம் ஓசூர்ல மோட்டாருக்குக் காயில் சுத்தற கம்பெனியில இருந்தேன். பொண்ணு பாக்க வந்தப்பவே எங்கப்பா சொன்னாருங்களே."

"சொன்னாரா? நான் போண்டா தின்னுக்கிட்டு இருந்திருப்பேன்."

"மரம் கடையறதைப் போன்ல பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன். மொத மொதல்ல பூரிக்கட்டை, மத்து, கட்டில் காலுன்னு கடைஞ்சு, தெரசா கடையில விக்கக் குடுத்தேன். அதுல ஒரு பூரிக்கட்டை ரெண்டே நாள்ல வூட்டுக்கே திரும்பி வந்துருச்சு."

மாதவராஜுக்குக் காது ரெண்டும் சுட்டது. கழுத்திலிருந்த மூன்று வளையம். ஒன்றரை வருஷம். வாராவாரம் பெண்டாட்டி கடைந்ததை பஸ் ஏறிப் போய் வாங்கிவந்து, அந்தப் பெண்டாட்டியிடமே நான் கடைந்தது என்று நீட்டியிருக்கிறார். கலை ரத்தத்தில் இருக்கவேண்டும் என்று வேறு சொல்லியிருக்கிறார். பூமி பிளந்து வாங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

"அடிப்பாவி, அப்பவே கேட்டிருக்க வேண்டியதுதானே?"

"கேட்டிருந்தா, அடுத்த பூரிக்கட்டைய யாரு வாங்குவாங்க?"

மாதவராஜ் மெல்லத் திரும்பித் தார்ப்பாயைப் பார்த்தார்.

"எத்தனை ஆச்சு?"

"முப்பத்தெட்டு. இன்னும் நாலு. நீங்க மூணு நாளாக் கெடுத்துக் கெடுத்து வெக்கலேன்னா நேத்தே முடிஞ்சிருக்கும்."

வெட்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். நாற்பத்திரண்டும் தயாராகிவிடும் என்றதும் மாதவராஜின் உள்ளே இன்னொரு மாதவராஜ் தலை தூக்கினார். பேர் இன்னும் போகவில்லை! யாருக்கும் தெரியாதே! அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தீர்த்தா, நடந்தது நடந்து போச்சு. சபையில நான்தான் கடையறேன்னு வாய் வுட்டுட்டேன். நான் செஞ்சதாவே இருக்கட்டும். எனக்கு இந்த ஒரு பேருதான் இருக்குது. அதையும் புடுங்கிறாத. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"சரிங்க," என்றாள்.

இவ்வளவு சீக்கிரம் அவள் 'சரிங்க' சொல்லி அவர் பார்த்ததில்லை. சந்தேகம் திரும்பவும் குடைந்தது. "வாய்ச் சத்தியம் செல்லாது. சூடம் அணைச்சு சத்தியம் பண்ணணும்."

தீர்த்தம்மாள் வீட்டுக்குள் போய், முனியப்பன் படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றினாள். "இந்த நிமிஷத்துலருந்து, இதைப் பத்தி யாருகிட்டயும் நான் வாயத் தொறக்க மாட்டேன்," என்று தெளிவாகச் சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். முனியப்பன் சாட்சி. ரெண்டு மாதத்தில் முதல் தடவையாக மாதவராஜ் அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டார்.

வைகாசியில் முருகேஷ் குடிபோன நாள். ஏரியூர் வீட்டில் சொந்தமெல்லாம் கூடியிருந்தது. மாடிப்படியில் நாற்பத்திரண்டு வேங்கைக் கால்களும் வரிசையாக நின்றன. பார்த்தவர்கள் எல்லாம் தடவிப் பார்த்தார்கள். மாதவராஜ் மூன்றாவது படியில் நின்றுகொண்டு, விடிந்ததிலிருந்து பாடம் நடத்தினார்.

"உளியை இப்படிச் சாய்ச்சுப் புடிக்கணும். அமுக்கக் கூடாது. மரம் தானா உரியணும்."

"எவ்வளவு நாளாச்சுங்க கத்துக்க?"

"இதெல்லாம் கத்துக்கறதா? தானா வரணும்."

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு தீர்த்தம்மாள் பெண்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. யார் என்ன கேட்டாலும் சிரித்ததோடு சரி. சத்தியத்தை எப்படிக் காப்பாற்றுகிறாள் என்று மாதவராஜுக்கு மனைவி மேல் பாசம் பொங்கியது.

பால் காய்ச்சி முடித்ததும் மரியாதை. வீட்டைக் கட்டிய கைகளுக்குத் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், புது வேட்டி, துண்டு வைத்துக் கொடுத்த பிறகுதான் வீட்டுக்காரர்களே சாப்பாட்டில் உட்காருவார்கள். முதலில் மேஸ்திரி காளியப்பனைக் கூப்பிட்டான் முருகேஷ். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். அடுத்து ஆசாரிக்குக் கொடுத்தான்.

"அடுத்து, இந்தக் கைப்பிடியைக் கடைஞ்ச கைக்கு!" என்றான் முருகேஷ், கூட்டத்தைப் பார்த்து.

ஒரே கைதட்டல். மாதவராஜ் சட்டையை நீவிக்கொண்டு கூட்டத்தை விலக்கி நடந்தார். முருகேஷ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவர் தட்டை ரெண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"பிரிச்சுக் காட்டுங்க மாமா!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

அதுவும் சரிதான் என்று ஜவுளிக்கடைப் பையைப் பிரித்து, உள்ளே இருந்ததை உருவித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

மயில்கழுத்துக் கலரில், ஜரிகை போட்ட சேலை. ரவிக்கைத் துணி நழுவி அவர் காலடியில் விழுந்தது.

மாதவராஜ் தீர்த்தம்மாளைப் பார்த்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு, நான் ஒன்றும் பேசவில்லையே என்பதுபோல் தலையாட்டினாள்.

"மாமா," என்றான் முருகேஷ் சங்கடமாக. "நாப்பத்திரெண்டையும் அக்காதான் கடையுதுன்னு சித்திரையிலேயே அது எங்கிட்ட சொல்லிருச்சு. கலரைக் கூட அப்பவே கேட்டுத்தான் எடுத்தேன். உங்களுக்குத் தெரியாதா?"

மாதவராஜ் தூக்கிய சேலையை இறக்கவும் மறந்து நின்றார். பக்கத்தில் நின்ற மேஸ்திரி காளியப்பன் சேலையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அவர் மனம் நோகக்கூடாதே என்று காதோரம் மெதுவாகச் சொன்னார்:

"கலரு நல்ல கலருதானுங்க. ஆனா உங்களுக்கு எடுக்காதுங்க."